அரை நிமிஷம் முன்னால்

ஜெஸ்லின் வீட்டு செட்டாப் பாக்ஸை அவள் தம்பி ரெஜிஸே கொண்டு வந்து அவளுடைய ஆபீஸ் மேசையில் வைத்தான். துணிப்பைக்குள் பாக்ஸ், ரிமோட், அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட ஒயர். எந்த வேலையையும் இவ்வளவு நேர்த்தியாக அவன் செய்து அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“ஏன்டா, நான் பேசுற சேனல்டா இது. நம்ம வீட்டுலயே வேணாமா?”

“அம்மா சீரியல போன்ல பாக்குது. அப்பா கிரிக்கெட்ட போன்ல பாக்குறாரு. நீ கத்துறத வீட்டுல தெனம் ஓசில கேக்குறோம். அதுக்கு மாசாமாசம் காசு வேற கட்டணுமா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோமினிக் குனிந்துகொண்டு சிரித்தான். காட்டூர்க்காரன். எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று பொத்தானை அழுத்துகிற வேலை அவனுடையது.

“சிரிக்காதீங்கண்ணே. அடுத்தது உங்க வீட்டுப் பாக்ஸ்தான் வரும்.”

“அது போன மாசமே வந்துருச்சு ஜெஸ்லி. நீ உக்காந்திருக்கிற மேசைக்கு முட்டுக் குடுத்திருக்கிறதே அதுதான்.”

ஜெஸ்லின் குனிந்து பார்த்தாள். ஒரு கால் உடைந்த மேசையை நாலைந்து பாக்ஸ்கள் அடுக்கித் தாங்கிக்கொண்டிருந்தன. அறையின் மூலையிலோ இடுப்புயரத்துக்குக் குவியல். ஸ்ரீரங்கத்திலும் காவிரிக்கு அந்தப் பக்கம் பொன்மலை, அரியமங்கலம், காட்டூர் வரையிலும் வீடு வீடாகக் கேபிளை வெட்டிக்கொண்டவர்கள் திருப்பிக் கொடுத்த பாக்ஸ்கள்.

சேனலின் பெயர் கொள்ளிடம் ஸ்போர்ட்ஸ். ஸ்ரீரங்கத்து யதிராஜன் முப்பது வருஷமாகக் கேபிள் தொழிலில் இருப்பவர். தன் கேபிளிலேயே உள்ளூர் ஆட்டங்களைக் காட்டுவதற்கென்று தொடங்கிய சேனல் அது. பள்ளிக்கூடக் கபடி, அரியமங்கலத்து வாலிபால், பொன்மலைக் கால்பந்து என்று கிடைத்ததையெல்லாம் காட்டினார். அவருக்கு அடி விழுந்தது உள்ளூரில் அல்ல, மேலேயிருந்து. கிரிக்கெட் போனுக்குப் போனது. கிரிக்கெட்டுக்காகவே கேபிள் வைத்திருந்த வீடுகள் வெட்டிக்கொண்டன. போனவர்கள் விட்ட ஓட்டையை அடைக்கப் பெரிய ஸ்போர்ட்ஸ் சேனல்கள் கட்டணத்தை ஏற்றின. ஏற்றியதும் இருந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பினார்கள். மறுபடி ஏற்றினார்கள். பெரிய சேனல்களே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிழைக்கிற காலத்தில் கொள்ளிடம் ஸ்போர்ட்ஸ் எந்த மூலைக்கு?

“மேட்ச் போயிடுத்துன்னா கேபிள்ல மிச்சம் அழுகையும் சுப்ரபாதமும்தான்” என்பார் யதிராஜன். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வராது. அவளுக்கு அது வேலை. வேலை மட்டும் என்று சொன்னால் பொய்.

பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் அருள்நாதனின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவளுக்காக ஒவ்வொரு ஆபீஸில் ஒவ்வொரு நாற்காலியைப் பார்த்து வைத்திருந்தார்கள். அவளோ மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “படிச்சுப்புட்டுக் கத்துற வேலைக்கா போற?” என்று அம்மா பாக்கியமேரி கேட்டாள். ஆமாம், கத்துகிற வேலைக்குத்தான். ரயில்வே குவார்ட்டர்ஸ் தெருவில் பையன்கள் பந்து உதைக்கும்போது, மதில் மேல் ஏறி நின்று, கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போன பிள்ளை அவள். வாயைத் திறந்தால் அடங்காது. அதற்குச் சம்பளம் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் விட முடியுமா?

இப்போது அந்த மைக்குக்குத்தான் ஆபத்து.

மாவட்ட மகளிர் கால்பந்துக் கமிட்டி அடுத்த சீசன் முழுவதையும் சென்னை ஆப் கம்பெனி ஒன்றுக்குக் கொடுப்பதாக இருந்தது. அந்தக் கம்பெனியின் ஆளாகத் திருச்சிக்கு வந்தவன் கோவிந்த். யதிராஜனின் சொந்தத் தங்கை மகன். ஒப்பந்தத்தில் முக்கியமான ஷரத்து ஒன்று: தனி உரிமை. ஆட்டம் ஆப்பில் மட்டும்தான் வரும், கேபிளில் வரக் கூடாது. கையெழுத்தானால் கொள்ளிடம் ஸ்போர்ட்ஸை அந்த மாதமே மூடிவிடுவதாக யதிராஜன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஒரு வருஷம் கழித்துச் சாவதை இப்போதே செய்தால் கரண்ட் பில்லாவது மிச்சம் என்பது அவர் கணக்கு.

ஜெஸ்லின் ஆப் கம்பெனிக்கே தன் குரலை அனுப்பிப் பார்த்தாள். கௌரவம் பார்த்தால் ஆகுமா? இரண்டு வரியில் பதில் வந்தது. குரல் நன்றாக இருக்கிறதாம், ஆனால் ரொம்ப லோக்கலாக இருக்கிறதாம்.

“லோக்கல் மேட்சுக்கு லோக்கலா பேசாம லண்டன்லயா பேசுவாங்க?” என்று அன்று முழுக்க டோமினிக்கைப் பிடித்துக் கத்தினாள். பதில் எழுதியவன் தப்பித்துக்கொண்டான். டோமினிக்தான் பாவம்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை, பொன்மலை மைதானத்தில். பொன்மலை அணிக்கும் ஸ்ரீரங்கம் அணிக்கும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஒரு பக்கம், மடிசார் கட்டும் வீடுகளிலிருந்து அரைக்கால் சட்டையோடு கிளம்பி வந்த பெண்கள் ஒரு பக்கம். ஊரே இதைப் பேசிக்கொண்டிருந்தது. கோவிந்த் இதைத்தான் தன் வெள்ளோட்டத்துக்கு எடுத்துக்கொண்டான். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவிலுள்ள கல்யாண மண்டபத்தில் கதவுயரத்துக்கு மேல் ஒரு எல்.ஈ.டி. சுவர், காபி, கேசரி, வரிசையாக நாற்காலி. பொன்மலைக்குப் போக முடியாத ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் அங்கே உட்கார்ந்து ஆப்பில் ஆட்டம் பார்க்க வேண்டும். கமிட்டிச் செயலாளர் இருதயநாதன் முன் வரிசையில் இருந்து அந்தக் கண்கொள்ளாக் காட்சியைக் கண்டு, ஆட்டம் முடிந்ததும் மேடையிலேயே கையெழுத்துப் போட வேண்டும். கேபிளிலும் கடைசியாக ஒருமுறை அந்த ஆட்டம் போகட்டும் என்று மாமாவுக்கு மரியாதை செய்திருந்தான்.

எல்லாவற்றையும் யோசித்த கோவிந்த் ஒன்றை யோசிக்கவில்லை. மண்டபம் மாமாவுக்குத் தெரிந்தவருடையது, சல்லிசாகக் கிடைத்தது. அதை ஒட்டி நின்ற கட்டடத்தின் மாடிதான் கொள்ளிடம் ஸ்போர்ட்ஸின் கன்ட்ரோல் ரூம். நடுவில் இருந்தது இலை போடுகிற திறந்த முற்றம் ஒன்றுதான். மூடப்போகிற சேனலுக்கு எதற்கு ஏ.சி. ரிப்பேர் என்று யதிராஜன் விட்டுவிட்டதால், மாடி அறையின் ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது.

ஆட்டம் தொடங்கியது. மைதானத்தில் இரண்டு கேமரா. அந்தப் படம் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய ஒயர் வழியாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டி நேரே ஜெஸ்லினின் திரைக்கு வந்தது. அவள் பார்த்தாள், பேசினாள்.

“ஜென்சி கால்ல பந்து. ஒரு ஆள ஏமாத்திட்டா. ரெண்டாவது ஆளும் அம்பேல்! அடி ஜென்சி, அடி, இதுக்கு மேல யாருக்காகக் காத்திருக்க... கோல்! பொன்மலைக்கு முதல் கோல்! குவார்ட்டர்ஸ்ல இன்னைக்கு ஒரு வீட்டுலயும் அடுப்புல பால் நிக்காது!”

மூச்சு வாங்க நிறுத்தியபோது முற்றத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. மண்டபத்தின் பின் கதவுகள் திறந்திருந்தன. கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

“என்ன ஓய் இது? பந்து இன்னும் நடுவுலன்னா நிக்கறது. அதுக்குள்ள அந்தப் பொண்ணு கோல்ங்கறா!”

ஜெஸ்லின் எட்டிப் பார்த்தாள். எல்.ஈ.டி. சுவரில் பாதி தெரிந்தது. அதில் ஜென்சி அப்போதுதான் பந்தை வாங்கிக்கொண்டிருந்தாள். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே விழுந்துவிட்ட கோலுக்காகக் காத்திருந்தது. எவ்வளவு நேரம்? ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லி முடித்து, அடுத்ததையும் தொடங்கிவிடலாம். பிறகுதான் சுவரில் கோல் விழுந்தது. மண்டபம் “ச்சே” என்றது. அந்தச் “ச்சே”யில்கூட உயிர் இல்லை. தெரிந்த சேதிதானே.

“அண்ணே, என்னண்ணே இது?”

“படம் இங்கேருந்து சென்னைக்குப் போயி, அங்கேருந்து எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போயி, துண்டு துண்டா வெட்டி, திரும்ப இங்க வருது. நம்மளுது பாலத்த மட்டும் தாண்டுது” என்றான் டோமினிக். “அரை நிமிஷம் நாம முன்னால.”

அடுத்த பத்து நிமிஷமும் இதே கூத்து. ஸ்ரீரங்கத்துக் கோல்கீப்பர் ஹம்ஸா பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டதும் ஜெஸ்லின் கூவினாள். மண்டபத்தில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக் கை தட்டினார்கள், மீதிப் பேர் “சொல்லாதேயேன்மா!” என்று கத்தினார்கள். கோவிந்த் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தான். கழுத்தில் கம்பெனி அட்டை ஆடியது.

“மேடம், ஜன்னலைச் சாத்துங்க. ஆடியன்ஸ் எக்ஸ்பீரியன்ஸே ஸ்பாயில் ஆகுது.”

ஜெஸ்லின் மைக்கை ஒரு விரலால் அமுக்கினாள். “உங்க ஆப்பைக் கொஞ்சம் வேகமா ஓடச் சொல்லுங்க சார்.”

“டெக்னாலஜி தெரியாம பேசாதீங்க. உலகம் பூரா இப்படித்தான்.”

“உலகம் பூரா பக்கத்து மாடியில நான் இல்லையே.”

அவன் போனில் மாமாவைப் பிடித்து அவளிடம் நீட்டினான். யதிராஜனின் குரல் மண்டபத்திலிருந்தும் போனிலிருந்தும் சேர்ந்தே கேட்டது. “குழந்தே, சாத்திடும்மா. நம்மாத்து விசேஷம் மாதிரி. இன்னிக்கு ஒரு நாள்தானே.”

இன்னிக்கு ஒரு நாள்தானே. அவர் அதை மனசறிந்து சொன்னாரோ இல்லையோ, அவளுக்குச் சுருக்கென்றது. சம்பளம் கொடுப்பவர். சாத்தினாள். கண்ணாடி நடுங்குகிற மாதிரி அடித்துச் சாத்தினாள்.

அறை வெந்தது. துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பேசினாள். கோபம் வந்தால் அவள் குரல் இன்னும் தெளிவாகும். அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. கோவிந்தின் ஆப்பில் சென்னையிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருந்ததை டோமினிக் தன் போனில் ஒரு காதில் கேட்டுச் சொன்னான்: “பதினோராம் நம்பர் வீராங்கனைங்கிறாரு. ஜென்சியோட பேரையே இன்னும் சொல்லல. குரல் மட்டும் நல்லா வழவழன்னு இருக்கு.”

“பேசுங்கண்ணே, பேசுங்க. எரியுற நெருப்புல நல்லா எண்ணெய ஊத்துங்க.”

இரண்டாவது பாதியின் கடைசியில் ஸ்ரீரங்கம் பதில் கோல் போட்டது. ஜெஸ்லின் கத்தினாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மண்டபத்துக்கு அவள் குரல் போக வழியில்லை. ஆனால் அடையவளஞ்சான் தெருவில் இன்னும் கேபிளை வெட்டாத வீடுகள் இருந்தன. எதிர் வீட்டில் ஒரு கூச்சல், அதற்கு அடுத்த வீட்டில் ஒரு விசில், தெருமுனை டீக்கடையில் டம்ளரால் தகரத்தைத் தட்டுகிற சத்தம். ஒரே நேரத்தில் தெருவே எழுந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரில் ஆட்டம் நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

“விழுந்துடுத்து போலிருக்கே ஓய்!”

“யாருக்கு விழுந்தது? நமக்கா, அவாளுக்கா?”

“தெரியலையே! நீர் போய் டீக்கடையில கேட்டுண்டு வாருமேன்!”

கோவிந்த் வாசலுக்கு ஓடி வந்து நின்று தெருவைப் பார்த்தான். எத்தனை ஜன்னலைச் சாத்துவான்?

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. நேரே பெனால்டி. அணிக்கு ஐந்து உதை. ஹம்ஸா கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்று இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் கன்ட்ரோல் ரூம் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

டோமினிக் திறந்தான். பட்டுப்புடவையில், முகமெல்லாம் வேர்த்து ஒரு மாமி நின்றிருந்தாள்.

“நான் சத்யபாமா. பாட்டு டீச்சர். ஹம்ஸாவோட அம்மா.” மூச்சு இரைத்தது. “ஏம்மா, இங்க முன்னாடியே தெரியறதாமே? கீழ என்னால உக்கார முடியலை. தெருவுல கத்தறா. குழந்தை பிடிச்சாளா விட்டாளான்னு தெரியலை. அந்தச் சுவத்தைப் பாத்துண்டு நிக்கணும். அரை நிமிஷம்டி! பெத்த வயிறு தாங்குமா?”

ஜெஸ்லின் மைக்கை அமுக்கிப் பிடித்தபடியே மூலையிலிருந்த குவியலைக் காட்டினாள். “உக்காருங்க மாமி.”

திருப்பிக் கொடுத்த பாக்ஸ்களின் மேல் சத்யபாமா மாமி பட்டுப்புடவையோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தும் விட்டாள். “நீ பொன்மலைப் பொண்ணாமே? என் பொண்ணு பிடிச்சான்னா வாய் திறந்து சொல்லுவியா?”

“அவளப் பிடிக்கச் சொல்லுங்க. சொல்றேனா இல்லையான்னு பாருங்க.”

முதல் உதை இரண்டு பக்கமும் கோல். இரண்டாவதும் கோல். ஜன்னல் கண்ணாடி வழியாக ஜெஸ்லின் பார்த்தாள். மண்டபத்துப் பின் கதவில் ஏழெட்டுப் பேர் நின்று மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கையால் சைகை காட்டிக் கேட்டாள்: என்ன ஆச்சு? இன்னும் சிலர் முற்றத்துக்கே இறங்கிவிட்டார்கள்.

அவளுக்கு அப்போது பிடிபட்டது. இவர்கள் யாரும் ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. சாத்தச் சொன்னவன் விற்க வந்தவன். சாத்து என்று போனில் சொன்னவர் கடையை மூடிவிட்டுப் போக நினைத்தவர். பார்க்க வந்தவர்கள் கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, அந்தப் பெரிய மானிட்டரத் தூக்குங்க.”

“எங்க?”

“ஜன்னல்ல வைங்க. முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்புங்க. ஸ்பீக்கரையும்.”

“யதிராஜன் சார் வேணாம்னு...”

“சேனலத்தான் மூடப் போறாரே. வேலைய விட்டுத் தூக்குறதுக்கு வேற என்ன பாக்கி இருக்கு? தூக்குங்கண்ணே!”

டோமினிக் ஒரு நொடி யோசித்தான். பிறகு சிரித்துவிட்டான். ஒரு பக்கம் அவன் பிடிக்க, இன்னொரு பக்கம் மாமி பிடிக்க, மானிட்டர் ஜன்னல் திட்டில் ஏறியது. ஜெஸ்லின் தன் சின்னத் திரையில் கண் வைத்தபடியே கையை நீட்டிக் கொக்கியைத் தட்டிவிட்டாள். காற்று உள்ளே வந்தது. அவள் குரல் வெளியே போனது.

“மூணாவது உதை! ஸ்ரீரங்கத்துப் பொண்ணு மூலையில வச்சு வாங்கிட்டா, கோல்! பொன்மலையும் விடல, பதிலுக்கு ஒண்ணு! எல்லாரும் முன்னால வாங்க, பெரியவங்களுக்கு இடம் விட்டு நில்லுங்க!”

கடைசி வரி கமென்ட்ரியில் போகக் கூடாதுதான். போய்விட்டது. பொன்மலையில் கேபிள் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் எல்லாரும் யாருக்கு இடம் விடுவதென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார்களாம்.

முற்றம் நிறைந்தது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கேசரித் தட்டோடு வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்ற பெரியவர், கோலை முன்கூட்டியே சொல்கிறாள் என்று கோபித்தவரேதான். இருதயநாதன் தன் முன் வரிசை சோபாவிலிருந்து எழுந்து வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். யதிராஜன் அவர் பின்னாலேயே வந்து, மேலே பார்த்து, திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நான்காவது உதையும் இருபுறமும் கோல். ஐந்தாவதை ஸ்ரீரங்கம் அடித்துவிட்டது. இனி பொன்மலையின் கடைசி உதை. போட்டால் ஆட்டம் நீளும். தவறினால் கோப்பை ஸ்ரீரங்கத்துக்கு. பந்தை எடுத்துக்கொண்டு வந்தவள் ஜென்சி.

ஜெஸ்லின் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஜென்சி அவள் தெருப்பிள்ளை. மதில் மேல் நின்று அவள் சொன்ன முதல் ஆட்டங்களில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியவள். பின்னால் சத்யபாமா மாமி அறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு “ரங்கா, ரங்கா” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“ஜென்சி பந்த வைக்கிறா. எடுத்துத் தொடச்சு மறுபடி வைக்கிறா. ஹம்ஸா கைய விரிச்சுட்டா, கோல் கம்பம் ரெண்டையும் இழுத்துக் கட்டிப் பிடிக்கிற மாதிரி. ஜென்சி எப்பவும் வலது பக்கம்தான் அடிப்பா. அது ஹம்ஸாவுக்கும் தெரியும். ஹம்ஸாவுக்குத் தெரியும்ங்கிறது ஜென்சிக்கும் தெரியும். இப்ப என்ன பண்ணுவா? ஓடி வர்றா... அடிச்சா...”

முற்றத்தில் நாற்காலியில் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

“பிடிச்சுட்டா! ஹம்ஸா பிடிச்சுட்டா! இடது பக்கம், முழு நீளத்துக்குப் பாய்ஞ்சு, கையில இல்ல, விரல் நுனியில பிடிச்சுட்டா! பொன்மலை மண்ணுல வந்து, பொன்மலைக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு, கோப்பையப் பிடுங்கிக்கிட்டா! ஸ்ரீரங்கம் ஜெயிச்சுருச்சு! ஜென்சி, எழுந்திருடி, மண்ணுல உக்காராத. அத எவளும் பிடிச்சிருக்க முடியாது, இவளத் தவிர!”

சத்யபாமா மாமி அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு அழுதாள். ஹெட்போன் நழுவிக் கழுத்தில் விழுந்தது. முற்றத்தில் நாற்காலிகள் கவிழ்ந்தன. அடையவளஞ்சான் தெரு முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது. டோமினிக் மேசையைத் தட்டிய தட்டில் முட்டுக் கொடுத்திருந்த பாக்ஸ் ஒன்று உருண்டு ஓடியது.

முற்றத்துக்கு அப்பால் மண்டபம் காலியாகக் கிடந்தது. எல்.ஈ.டி. சுவரில் ஜென்சி அப்போதுதான் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்க இருந்தது கோவிந்த் மட்டும்தான். அவன்கூட முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

யதிராஜன் படியேறி வந்தார். கண் கலங்கியிருந்தது. ஹம்ஸா அவருக்கும் தூரத்து உறவு.

“பேஷ்! நான் அப்பவே சொன்னேனே, கேபிள்ங்கறது லேசுப்பட்டதில்லேன்னு...”

“நீங்க ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்க சார்.”

“சொன்னேன்தான். நீ திறந்துட்டியே. யார் திறந்தா என்ன, நம்ம ஜன்னல்தானே?”

பின்னாலேயே இருதயநாதன் வந்தார். அதிகம் பேசாத மனிதர். வேர்வையைத் துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். குவியலைப் பார்த்தார், உடைந்த மேசையைப் பார்த்தார், கடைசியில் ஜெஸ்லினைப் பார்த்தார்.

“கோவிந்த் தம்பி, மேல வாங்க” என்று படியை நோக்கிக் கூப்பிட்டார். அவன் வந்து நின்றதும் சொன்னார்: “ஆப் வேணாங்கல. துபாய்ல, சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம பிள்ளைங்க பாக்கணும். அவங்களுக்கு அரை நிமிஷம் பெருசில்ல, பக்கத்து வீட்டுச் சத்தம் அங்க கேக்காது. ஆனா தனி உரிமைன்னு எழுதியிருக்கிற பக்கத்தக் கிழிச்சுடுங்க. கேபிள் நிக்கக் கூடாது. ரெண்டுலயும் பேசுறது இந்தப் பொண்ணு.”

“சார், கம்பெனில பாலிசி...”

“கீழ உங்க மண்டபத்துல எத்தன பேர் இருக்காங்க தம்பி?”

கோவிந்த் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் மெதுவாகப் பேசினான். திரும்பி வந்தபோது முகத்தில் விற்பனைச் சிரிப்பு மறுபடி ஏறியிருந்தது.

“மேடம், உங்க வாய்ஸை நாங்க எடுத்துக்கறோம். டீம் கொஞ்சம் ட்ரெயின் பண்ணுவாங்க, அந்த ஸ்லாங் மட்டும்...”

“ட்ரெயினிங்லாம் வேணாம்” என்றாள் ஜெஸ்லின். “நான் பேசுறது பேசுறபடி போகணும். ஒரு வார்த்த கை வைக்கக் கூடாது. திரையில என் பேரு வரணும், முழுப் பேரு. அருள்நாதன் ஜெஸ்லின். டோமினிக் அண்ணனுக்கும் இடம் வேணும். எல்லாம் எழுத்துல கொண்டு வாங்க, வரி வரியாப் படிச்சுத்தான் போடுவேன். எங்க வீட்டுல முதல்ல படிச்சவ நான்தான். படிக்காம எதுலயும் போட மாட்டேன்.”

“மாமா?” என்று கோவிந்த் யதிராஜனைப் பார்த்தான்.

“என்னை ஏன்டா பாக்கறே? அவதான் சொல்லிட்டாளே” என்றார் யதிராஜன். பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தி, “நாளைக்கே ஏ.சி.க்கு ஆள் வரச் சொல்றேம்மா” என்றார்.

“ஜன்னல் திறந்தே இருக்கட்டும் சார். ஏ.சி.யும் போடுங்க.”

“ரெண்டும் எப்படிம்மா...”

“அது உங்க கவல.”

டோமினிக் திரையைத் தட்டிக் காட்டினான். மைதானத்தில் மேசை போட்டுவிட்டார்கள். கோப்பைக்குச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற அணியை முதலில் கூப்பிட்டார்கள். ஜென்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரிசையில் முதலாவதாக நடந்து வந்தாள். நடையில் திமிர் குறையவில்லை.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க. நான் பேசணும்” என்றாள் ஜெஸ்லின்.

கமிட்டிச் செயலாளர், முதலாளி, ஆப் கம்பெனி ஆள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அறையை விட்டு வெளியேறினார்கள். சத்யபாமா மாமி மட்டும் அசையவில்லை. அவளை யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஜெஸ்லின் ஹெட்போனைத் தலையில் ஏற்றி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, மைக்கைத் திறந்தாள். கீழே முற்றத்தில் பேச்சுச் சத்தம் தானாக அடங்கியது.

“பொன்மலை அணி வருது. தலைய நிமிர்த்திப் பாருங்க இவங்கள. ஒவ்வொருத்தியா பேரச் சொல்றேன், கேளுங்க.”